குளிக்காமல் தொடக் கூடாத புத்தகம்

கந்தையா அண்ணர் காலமான செய்தி எனக்குத்தான் கடைசியாக வந்தது. சொன்னவர் பசாரில் மீன் விற்பவர். ஊர்ச் செய்தியை முதலில் மோப்பம் பிடிப்பதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு இது அவமானம். ஆனால் அவர் விஷயத்தில் இது புதிதல்ல.

அவர் நகராட்சிக் குமாஸ்தா என்பது உங்களுக்குத் தெரியும். இங்கிருந்த சில யூதக் குடும்பங்களின் பிறப்பு, இறப்புப் பதிவேட்டை எழுதியவரும் அவர்தான். ஜப்பான்காரன் வருமுன் அக்குடும்பங்கள் கப்பலேறின. பதிவேடு அவரிடம் தங்கியது. தையல்காரி மிரியம் அக்காவும் தங்கிவிட்டார். அவரை நாமெல்லாம் அரபுக்காரி என்றே நினைத்திருந்தோம்.

யூதர்கள் பெயர் கொடுக்க வேண்டும் என்று ஜப்பான்காரனின் உத்தரவு வந்தது. நம் தீவைச் சுற்றிக் கடல்; பாஸ் இல்லாமல் எதிர்க்கரையிலுள்ள பிறைக்குக்கூடப் போக முடியாது. அக்கா பெயர் கொடுக்கவில்லை; ஆனால் அது அந்தப் பதிவேட்டில் இருந்தது.

"எரிச்சிடு லா, கந்தையா" என்றாராம் அக்கா.

"கல்லு வைக்காமப் புதைச்ச பிள்ளையளும் இதிலதான் கிடக்கு அக்கா. எரிச்சா அதுகள் பிறக்கவே இல்லையெண்டு ஆயிடும்."

இதெல்லாம் எனக்குப் பின்னால் தெரிந்தது. அன்று அவர் பட்டுத்துணியில் சுற்றிய கட்டு ஒன்றோடு என் வீட்டுக்கு வந்தார். "எங்கட குடும்பத்துப் புராணம், தம்பி. குளிச்சு விரதமிருந்து மட்டும் தொடும்" என்றார். என்னைப் பற்றி இவ்வளவு சரியாகக் கணித்தவர் வேறு யாருமில்லை. குளிக்கச் சவர்க்காரம் கிடைக்காத காலம்; விரதமோ, பட்டினியைத் தவிர வேறெதுவும் நான் இருந்ததில்லை. சாமிப் பலகையில் வைத்ததோடு சரி. சரஸ்வதி பூஜைக்கு மட்டும் கட்டின்மேல் சந்தனமும் பூவும்.

பிறகு அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவருக்கு வேண்டியவர்கள் வீடெல்லாம் சோதனை. என் வீட்டுக்கு ஒரு சிப்பாயும் மொழிபெயர்க்க ஒரு தமிழரும் வந்தார்கள். சிப்பாய் சாமிப் பலகையிலிருந்த கட்டைச் சுட்டிக் காட்டினான்.

"புராணம்" என்றேன்.

தமிழர் கையை இழுத்துக்கொண்டார். "நான் இன்னைக்கு இன்னும் குளிக்கல லா, அண்ணே" என்று முணுமுணுத்துவிட்டு, சிப்பாயிடம் ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். போய்விட்டார்கள். பொய் சொன்னால் என் காது சிவந்துவிடும். அன்று சிவக்கவில்லை, நான் சொன்னது எனக்கு உண்மை.

அண்ணர் திரும்பி வந்தபோது இடது காது கேட்கவில்லை. பதிவேட்டை அடுப்பில் போட்டுவிட்டேன் என்ற ஒரே பதிலுக்காக வாங்கிய அடி. பார்க்கப் போன என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "கட்டு பத்திரமோ?" என்ன பக்தி என்று வியந்து, அதையும் காப்பிக்கடையில் நாலு பேரிடம் சொன்னேன்.

ஜப்பான்காரன் போன பிறகு, மிரியம் அக்காவின் முன்னால் அண்ணர் அந்தக் கட்டை அவிழ்த்தார். உள்ளே இருந்தது புராணமல்ல, பதிவேடு. அட்டை வரை சந்தனம் ஊறியிருந்தது. நான் துடைக்கப் போனேன். "இருக்கட்டும் லா" என்றார் அக்கா. ஐரோப்பாவில் அவர் சனங்களை ஊர் ஊராக அழித்த செய்தி அப்போதுதான் வரத் தொடங்கியிருந்தது. அவர் தம் பெயரைத் தேடவில்லை. கல் இல்லாத பிள்ளைகளின் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னிடம் சொல்லியிருக்கலாமே, அண்ணே?"

"உம்மட வாயை ஊருக்கே தெரியும். ரகசியத்தை உம்மட்டக் குடுப்பாங்கள் எண்டு ஒருத்தனும் நினைக்கமாட்டான்."

போன மாதம், படுக்கையில் இருந்தபடி, அந்தப் பக்கத்தின் நகலை என்னிடம் கொடுத்தார். "அப்ப உம்மட வாய்க்குப் பயந்தன். இப்ப அதுக்கு வேலை வந்திருக்கு. போற இடமெல்லாம் சொல்லும்."

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்தத் தாள். ரேச்சல், ஒன்பது நாள். யோசேப்பு, ஒரு வயது. எஸ்தர், பிறந்த அன்றே. பெயர் வைக்குமுன் போன ஓர் ஆண் குழந்தை.

யாரிடமும் சொல்லிவிடாதீர்கள் என்றுதான் எப்போதும் முடிப்பேன். இதை எல்லோரிடமும் சொல்லுங்கள்.