பாவுக்கஞ்சி போட்ட காக்கி

ராணுவ அதிகாரிப் பயிற்சிக்கான உதவித்தொகையில்தான் சேலத்தில் கல்லூரிக்குப் போனேன். எடுத்தது இயற்பியல். உராய்வு இல்லை என்று வைத்துக்கொள், காற்று இல்லை என்று வைத்துக்கொள் என்றே ஒவ்வொரு கணக்கும் ஆரம்பிக்கும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வரலாற்றுக்கு மாற நினைத்தேன். மாறினால் உதவித்தொகை போய்விடும் என்று கூடப் படித்தவர்கள் பயமுறுத்தினார்கள்.

பயிற்சி அதிகாரியிடமே கேட்டுவிடுவது என்று கிளம்பினேன். நான் எடுப்பாகப் போகவேண்டும் என்று அம்மா, எங்கள் தறியில் பாவு நூல் விறைப்பாக நிற்கப் போடுகிற கஞ்சியையே என் பயிற்சிக் காக்கி உடுப்புக்கும் போட்டுவிட்டாள். உடுப்பு தகரமாகிவிட்டது. ஆட்டையாம்பட்டியிலிருந்து பஸ்ஸில் இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன்.

"உக்காருப்பா" என்றார் அதிகாரி.

"நிக்கிறேனுங்க சார்."

மறுபடியும் சொன்னார். உட்கார்ந்தால் முழங்காலில் துணி முறிந்துவிடும் என்று எனக்குப் பயம். ஏன் வரலாறு என்று அவர் குடைந்து குடைந்து கேட்டதற்கெல்லாம் நின்றபடியே பதில் சொன்னேன்.

கடைசியில் சிரித்துவிட்டார். "பட்டாளத்துக்கு ஒரு டிகிரி வேணும், அவ்வளவுதான். எந்த டிகிரின்னு கேக்க மாட்டாங்க. தாராளமா மாறிக்க. ஆனா பரேடுல கூட இப்படி ஆடாம அசையாம ஒருத்தனும் நின்னு நான் பாத்ததில்ல."

வீட்டுக்கு வந்து, அந்தக் கடைசிப் பாராட்டைத்தான் முதலில் சொன்னேன். தறியிலிருந்து தலையைத் தூக்காமலே அம்மா சொன்னாள்: "பின்ன? நம்ம கஞ்சி அது, சாமி."