செலாரிக்கு நான் கொடுத்த தமிழ்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. என் தங்கையின் கணவர் அதே தோட்டத்தில் பால் மரம் சீவினார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எனக்கு அவர் மாப்பிள்ளை, அவருக்கு நான் மச்சான்.

குருண் பட்டணத்தில் ஒரு தொழிற்சாலையில் வயரிங் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். மாப்பிள்ளை சோதனைக்குப் போய்ப் பதற்றத்தில் எல்லாவற்றையும் மாற்றிப் போட்டுவிட்டுத் திரும்பினார். அங்கிருந்த மலாய் ஃபோர்மன் இரக்கப்பட்டு, சரியான முறையைக் காட்டி, அடுத்த திங்களை விட்டு அதற்கடுத்த திங்களன்று இன்னொரு முறை வரச் சொன்னார். அதற்கு மேல் கூப்பிட மாட்டார்கள். தங்கை அதற்குள் பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்ற ஆரம்பித்துவிட்டாள்.

சோதனை எளியது. பலகையில் மூன்று விளக்குகள். ஃபோர்மன் மலாயில் 'செசிரி' என்று சொன்னால் மின்சாரம் ஒரே பாதையில் மூன்று விளக்கையும் கடந்து போக வேண்டும். ஒன்றைக் கழற்றினால் எல்லாம் அணையும். 'செலாரி' என்றால் ஒவ்வொரு விளக்குக்கும் தனிப்பாதை. ஒன்றைக் கழற்றினாலும் மற்றவை எரியும்.

எதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் எனக்கு. தேயிலைப் பெட்டிப் பலகையில் மூன்று டார்ச் பல்பும் இரண்டு பாட்டரியும் பொருத்தி, அந்தச் சோதனையை அப்படியே வீட்டில் அமைத்தேன். மாப்பிள்ளை தமிழ்ப்பள்ளியோடு நின்றவர். அவருக்கு எளிதாக இருக்கட்டும் என்று, ஓர் அறிவியல் பாடப்புத்தகத்தைப் பார்த்து இரண்டு அட்டைகளில் தமிழில் எழுதினேன். செசிரிக்குத் 'தொடர்'. செலாரிக்கு 'இணை'. தினமும் மாலை ஐந்தரைக்குப் பயிற்சி. ஏதாவது ஓர் அட்டையை நீட்டுவேன், அவர் கம்பி போடுவார், நான் நோட்டில் குறிப்பேன்.

'தொடர்' ஒருமுறைகூடத் தவறவில்லை. 'இணை' திங்களன்று நான்கு முறை, நான்கும் தவறு. செவ்வாய் ஐந்து, ஐந்தும் தவறு. மூன்று பல்பும் ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு மங்கலாகச் சிவந்து நிற்கும்.

"மாப்பிள, நான் கேட்டது இணை."

"இணைச்சுட்டேனே மச்சான். நல்லா முறுக்கியிருக்கேன், இழுத்துப் பாருங்க."

"இழுத்துப் பாக்கவா சொன்னேன்? பல்பு எப்படி எரியுது பாருங்க!"

"எரியுதுலா. அணைஞ்சா கிடக்கு?"

வெள்ளியன்று என் குரல் எவ்வளவு உயர்ந்ததோ, தங்கை அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள். "அண்ணே, கத்தாதீங்க. லயத்துல எல்லா வீட்டுக்கும் கேக்குது."

சனிக்கிழமை ஏழாவது முறையும் தவறியபோது அட்டையை வீசிவிட்டேன். "செலாரி மாப்பிள, செலாரி!"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எல்லாக் கம்பியையும் அவிழ்த்தார். இரண்டே நிமிடத்தில் மூன்று பல்பும் பளிச்சென்று எரிந்தன. ஒன்றைத் தானே கழற்றிக் காட்டினார். மற்ற இரண்டும் அப்படியே எரிந்தன.

"செலாரின்னு திங்கக்கிழமையே சொல்றதுக்கு என்ன? இணை இணைன்னீங்க. இணைன்னா ஒண்ணோட ஒண்ணு சேத்து வையின்னுதானே?"

"அப்ப தொடர்?"

"அதுவும் அதான். தொடர்ந்து போய்க்கிட்டே இரு. ரெண்டு அட்டைக்கும் ஒரே வேலையக் குடுத்துட்டு, இவரு எதுக்குக் கோவப்படுறாருன்னு நானும்தான் யோசிச்சேன்."

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"உங்க மூஞ்சியப் பாத்துட்டு யாரு கேப்பா?"

ஞாயிறு பூசை முடிந்து வந்து மலாய்ச் சொற்களை வைத்தே பன்னிரண்டு முறை செய்தோம். பன்னிரண்டும் சரி. ஆனால் ஆறு நாளாகத் தவறாகவே பழகிய கை. அதை எண்ணித்தான் மறுநாள் நானும் கூடப் போவதென்று முடிவு செய்தேன்.

திங்களன்று அரைநாள் விடுப்பு எடுத்து அவருடன் பஸ் ஏறினேன். தொழிற்சாலை வாசலில் இருபத்தைந்து நிமிடம் நின்றேன். ஃபோர்மன் செலாரிதான் கேட்டாராம். கை தானாக முதல் பல்பின் வாலை இரண்டாவதோடு முறுக்கிவிட்டதாம். பிறகு நிறுத்தி, அவிழ்த்து, முதலிலிருந்து போட்டாராம். வேலை கிடைத்தது. அடுத்த மாதமே குருணுக்குக் குடிபோனார்கள்.

அன்றிலிருந்து எந்தக் கல்யாண வீட்டிலும் அவர் சொல்வது ஒன்றுதான்: "அஞ்சு நாளு மச்சான் தப்புத் தப்பா சொல்லிக் குடுத்தாரு. அப்படியும் நான் பாஸ்!"

சொல் தவறல்ல, புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று நான் ஒவ்வொரு முறையும் விளக்குகிறேன். ஐந்து நாளல்ல, ஆறு நாள் என்றும் சொல்கிறேன். அதற்குத்தான் கூட்டம் இன்னும் அதிகமாகச் சிரிக்கிறது.