அனைவரும் மகிழ்ச்சியடைந்தனர்

எங்கள் பள்ளியில் எழுதப்பட்ட அறிக்கைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் முடியும். ‘கலந்துகொண்ட அனைவரும் மகிழ்ச்சியடைந்தனர். நிகழ்ச்சி இனிதே நிறைவுற்றது.’ பாதியில் மழை கொட்டி, கூடாரம் சரிந்து, எல்லோரும் வகுப்பறைக்குள் ஓடிய விளையாட்டுப் போட்டிகூட அறிக்கையில் இனிதேதான் நிறைவுற்றது.

ஐந்தாம் ஆண்டில் எங்கள் டீச்சர், வீட்டிலோ குடியிருப்பிலோ நேரில் பார்த்த ஒரு நிகழ்ச்சியைப் பற்றி அறிக்கை எழுதி வரச் சொன்னார். மற்றவர்கள் பிறந்தநாளையும் துப்புரவுப் பணியையும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதைவிடப் பெரியது கிடைத்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் அத்தையைப் பெண் பார்க்க சிலிம் ரிவரிலிருந்து இரண்டு கார்களில் வந்திருந்தார்கள்.

அத்தை, அப்பாவின் தங்கை. கோப்பெங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குக் குடிவந்த எங்கள் குடும்பத்தில், சொந்தச் சம்பளத்தில் மோட்டார் சைக்கிள் வாங்கிய முதல் பெண். தினமும் காலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, டவுனில் ஒரு கிளினிக்கின் இரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேலைக்குப் போவார்.

நாள், இடம், வந்தவர்கள் என்று பிரித்துப் பிரித்து எழுதினேன். கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலையை விட்டுவிடுவாளா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதையும், விட்டுவிடுவாள் என்று அப்பா சொன்னதையும் எழுதினேன். அத்தை தேநீரும் கறிபாப் பலகாரமும் இருந்த தட்டை வைத்துவிட்டு உள்ளே போனதையும் விடவில்லை. கடைசியில் வழக்கமான இரண்டு வாக்கியங்களைச் சேர்த்தேன்.

டீச்சர் சிவப்புப் பேனாவால் முதலில் ‘அழகான’, ‘அருமையான’, ‘பிரமாண்டமான’ எல்லாவற்றையும் அடித்தார். பார்த்ததையும் கேட்டதையும் எழுது, மற்றதை வாசிக்கிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் கடைசி வரியிலும் பேனா நின்றது.

“அனைவரும்னு போட்டிருக்க. எல்லாரையும் கேட்டியா?”

நான் கேட்கவில்லை. கேட்டு எழுதி வா என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லோரும் தேநீருக்கு உட்கார்ந்திருந்தபோது பென்சிலோடு போய் நின்று, ஞாயிற்றுக்கிழமை மகிழ்ச்சியாக இருந்தீர்களா என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். அப்பா யோசிக்கவே இல்லை.

“ஆறு கறிபாப் சாப்பிட்டேன் லா. ரொம்ப மகிழ்ச்சின்னு போட்டுக்க.”

வந்தவர்கள் மரியாதையானவர்கள், அதனால் தனக்கும் மகிழ்ச்சிதான் என்றார் அம்மா. பிறகு அத்தையிடம் திரும்பினேன். அத்தை கோப்பையில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தார். சீனி கரைந்த பிறகும் கலக்கிக்கொண்டிருந்தார். அம்மா என்னை உள்ளே போய்ப் படிக்கச் சொன்னார். இதுவும் படிப்புதான் என்று நான் நகரவில்லை.

“என் பேர அதுல சேக்காத,” என்றார் அத்தை.

அப்படியென்றால் ‘அனைவரும்’ என்று எழுத முடியாது. கடைசி வரி இல்லாமல் அறிக்கையை எப்படிக் கொடுப்பது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா சிரித்தார். பிறகு தங்கையின் முகத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

“ஏம்மா, உனக்கு இஷ்டம் இல்லையா?”

“இப்பதான் கேக்குறீங்க அண்ணே,” என்றார் அத்தை. “வேலைய நான் விட மாட்டேன்.”

மறுநாள் அப்பா வாசலில் நின்றபடி சிலிம் ரிவருக்குப் போன் பேசினார். பெண் வேலையை விட மாட்டாள், நான்தான் அவளைக் கேட்காமல் சொல்லிவிட்டேன் என்றார். அதன் பிறகு சரிங்க, சரிங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தக் கார்கள் மறுபடி வரவில்லை. கல்யாணத்துக்கு எனக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்த பட்டுப் பாவாடையும் வரவில்லை. நல்ல இடம் கை நழுவிப் போனதென்று அம்மா சில நாள் அப்பாவிடம் சரியாகப் பேசவில்லை.

‘வந்தவர்கள் மாலை ஐந்து மணிக்குப் புறப்பட்டுச் சென்றனர்’ என்று அறிக்கையை முடித்துக் கொடுத்தேன். எனக்கு அது மொட்டையாகத் தெரிந்தது. டீச்சர் நல்ல மதிப்பெண் போட்டிருந்தார்.

அந்த வாரக் கடைசியில் அத்தை என்னை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு டவுனுக்குப் போய், தேங்காய்ப்பாலும் ஐஸும் போட்ட செண்டோல் வாங்கிக் கொடுத்தார். மதிப்பெண்ணுக்குத்தான் இந்தப் பரிசு என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் எத்தனை வாங்கினாய் என்று அவர் கேட்கவே இல்லை. மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நானாகவே மதிப்பெண்ணைச் சொன்னேன்.

அத்தை, அப்படியா என்று மட்டும் கேட்டுவிட்டு, தன் கிண்ணத்தையும் என் பக்கம் நகர்த்தினார்.