இடது கண்ணால் கேட்ட ஏலம்

கண்ணுக்குள் கட்டி என்று தெரிந்த பிறகுதான் ஊருக்குள் எனக்கு மரியாதை வந்தது. அதுவரை மீன் ஏலம் நடக்கும் கடற்கரையில் சக வியாபாரிகள் என்னை அழைத்த வார்த்தைகளை இங்கே எழுதினால் அச்சடிப்பவர் கோபித்துக்கொள்வார்.

வியாதி ஆரம்பித்த விதமும் என் தகுதிக்கு ஏற்றபடிதான். இடது கண்ணின் ஓரத்தில் கறுப்பாக ஒரு நிழல் நின்றது. மூக்குக்கண்ணாடியில் அழுக்கு என்று வேட்டி நுனியால் துடைத்தேன். அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவினேன். கண்ணாடியைக் கழற்றினாலும் நிழல் அங்கேயேதான் நிற்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது. சின்ன வயதிலேயே என்னைப் பள்ளிக்கூடத்தை விட்டு அனுப்பிய வாத்தியார் ஆள் தெரிந்துதான் அனுப்பியிருக்கிறார்.

மதுரையில் பெரிய டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். கட்டி வளர்ந்துவிட்டது, கண்ணை எடுத்துவிடுவதுதான் உயிருக்கு நல்லது என்றார்.

"ஒண்ணு எடுத்தா இன்னொண்ணு இலவசமா டாக்டர்?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. என் பொண்டாட்டி மேசைக்கு அடியில் தொடையைக் கிள்ளினாள். பயம் வந்தால் எனக்கு வாய் நீளும் என்பது அவளுக்குத் தெரியும்.

கண்ணை எடுத்தார்கள். புண் ஆறிய பிறகு அளவெடுத்துச் செயற்கைக் கண் ஒன்று வைத்தார்கள். மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை, அவ்வளவு சுத்தம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் சொந்தக் கண்தான் போலி மாதிரி இருந்தது.

இந்தக் கண் புற்று ஈரலுக்குப் பரவக்கூடியதாம். பரவியிருக்கிறதா என்று அவ்வப்போது ஸ்கேன் எடுக்க வரச் சொன்னார்கள். மனநிலையை விசாரிப்பதற்கென்றே அங்கே ஒரு பெண் இருந்தாள்.

"போன வாரத்துல மனசு சோர்வா இருந்துச்சா? எப்பவாவதா, அடிக்கடியா, எப்பவுமேவா?"

"ஸ்கேன் எடுக்க வரும்போது மட்டும் சோறு எறங்காது மேடம். மத்தபடி நல்லாத்தான் தின்னுதேன்."

"வேற ஏதாவது கஷ்டம்?"

"எல்லாரும் மரியாதையாப் பேசுதாங்க."

பேனாவைத் தூக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அந்தக் கஷ்டத்துக்கு அவள் படிவத்தில் கட்டம் எதுவும் இல்லை போலிருக்கிறது.

நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்தவர்கள் ஆப்பிளும் ரொட்டியும் கொண்டுவந்து, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கண்ணோடு காதும் போய்விட்டது போலச் சத்தமாகப் பேசினார்கள். எனக்கென்றே வைத்திருந்த கெட்ட வார்த்தைகளையெல்லாம் விழுங்கிவிட்டு 'அண்ணாச்சி, அண்ணாச்சி' என்றார்கள். வாசலுக்குப் போய் 'பாவம்' என்றார்கள். உயிரோடு இருக்கும்போதே சாவுக்குத் துஷ்டி கேட்க வருகிறவர்களுக்குக் காப்பி போட்டுக் கொடுத்த வீடு எங்கள் வீடுதான். கடற்கரைக்குத் திரும்பிப் போனால் வியாபாரியாக நிற்பேனா, பாவமாக நிற்பேனா? ஸ்கேனைவிட அந்தக் கேள்விதான் என்னை அதிகம் குடைந்தது.

எங்கள் ஏலத்தில் வியாபாரிகள் வாயைத் திறக்க மாட்டோம். திறந்தால் யார் எவ்வளவுக்குத் துணிகிறான் என்று பக்கத்து ஆளுக்குத் தெரிந்துவிடும். ஏலக்காரர் விலையைக் கூவிக்கொண்டே எங்கள் முகங்களை மேய்வார். ஒருவன் காதைத் தொடுவான், ஒருவன் தாடையைத் தூக்குவான். ஆளுக்கொரு சாடை. பல வருஷமாக என் சாடை இடது கண்ணைச் சிமிட்டுவது. கண்ணை எடுத்த டாக்டருக்கு இது தெரியாது. எடுக்கக் கொடுத்த எனக்கும் ஞாபகம் வரவில்லை.

திரும்பிப் போன முதல் நாள், வள்ளத்திலிருந்து விளமீன் இறக்கிக் குவித்தார்கள். ஓட்டல்களுக்கு நான் கொடுக்கிற மீன். இருக்கிற கண்ணைச் சிமிட்டிப் பார்ப்போம் என்று வலது கண்ணை மூடினேன். உலகம் மொத்தமாக இருட்டிவிட்டது. திறந்து பார்த்தபோது குவியல் எனக்கு எதிரே நின்ற அக்காவின் கூடைக்குள் போய்க்கொண்டிருந்தது. எனக்குப் பரம்பரைப் போட்டி அந்த அக்கா.

சரி, பழைய பக்கமே பார்ப்போம் என்று இடது இமையை அசைத்துப் பழகினேன். அது பாதி இறங்கி, புதுக் கண்ணின் மேல் அப்படியே நின்றுகொண்டது. அந்த நேரம் பார்த்து ஏலக்காரர் ஒரு காரல் குவியலைக் கூவிக்கொண்டிருந்தார். காரல் உள்ளங்கை அகலப் பொடிமீன், உடம்பெல்லாம் முள், கருவாடு காயப்போடுகிறவர்கள் வாங்குவது. என் பாதி இமையைப் பார்த்தார். "எடுத்தாச்சு!" என்று என் தலையில் கட்டிவிட்டார்.

வேறு நாளாக இருந்தால் கரையே சிரித்திருக்கும். அன்றைக்கு ஒரு சத்தமும் இல்லை.

"அண்ணாச்சி, கவனிக்காம விட்டுட்டேன்," என்றார் ஏலக்காரர். "ஒங்க கண்ணு... பரவாயில்ல, இத மறுபடி ஏலம் போட்டுருதேன்."

"பாவம், விடுங்கப்பா," என்றது பின்னால் ஒரு குரல்.

ஈ விரட்டத் தலையை ஆட்டியவனுக்கே ஒரு சுறாவைக் கட்டி அனுப்பியவர் இந்த ஏலக்காரர். விழுந்த சரக்கைத் திருப்பி எடுத்த வழக்கமே எங்கள் கரையில் கிடையாது. எனக்காக அதை மாற்றுகிறாராம்.

"எதுக்குவே மறுபடி?" என்றேன். "எனக்கு விழுந்த சரக்கு. நான் எடுத்துக்கிடுதேன்."

"நீங்க வேணும்னு கேக்கலியே அண்ணாச்சி."

"வேணும்னுதான் கேட்டேன். காரல்னா எனக்கு உசுரு."

நஷ்டத்தை எனக்கே கொடு என்று சண்டை போட்ட முதல் வியாபாரி நானாகத்தான் இருப்பேன். ஏலக்காரர் கையைப் பிசைந்தார். அப்போதுதான் அந்த அக்கா கூடையைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

"ஏலே ஒத்தக்கண்ணா! கண்ணத்தான எடுத்தாவ, மூளையையும் சேத்துத் தோண்டிட்டாவளா? இந்தக் காரல எந்த ஓட்டல்காரன்லே வாங்குவான்?"

அவள் ஏலக்காரர் பக்கம் திரும்பினாள்.

"ஏவே, அவன் தலையிலயே கட்டும். எனக்கு விழுந்தா இப்படித் திருப்பி எடுப்பீரா? நாளைக்கி நானும் கண்ணு நோவுதுன்னு வந்து நிப்பேன், நல்ல மீனாப் பாத்துக் குடுப்பீரா?"

"யக்கா, ஒங்க நாக்குல முள்ளு குத்த," என்றேன்.

"குத்தட்டும். நீயும் கண்ண வச்சி வித்தை காட்டிக்கிட்டு நிக்காதல. வேணும்னா மூக்கச் சொறி."

யாரோ ஒருவன் களுக்கென்று சிரித்தான். அப்புறம் எல்லாரும் சிரித்தார்கள். காரல் என் பெயருக்கே எழுதப்பட்டது. அதை என்ன செய்வது, ஆட்டோக்காரன் ஏற்றுவானா, வீட்டில் பொண்டாட்டி என்ன சொல்வாள் என்பதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய சங்கதிகள்.

அடுத்துப் பாரை மீன் குவியல் வந்தது. மூக்கைச் சொறிந்தேன். அக்கா தாடையைத் தூக்கினாள். மறுபடி சொறிந்தேன். மறுபடி தூக்கினாள். ஏலக்காரர் என் மூக்கையும் அவள் தாடையையும் மாறி மாறிப் பார்த்துக் கூவினார். என் கண் பக்கம் அவர் பார்வை போகவே இல்லை. மூக்கு எரிகிற அளவுக்கு விலை ஏறியதும் நான் கையைக் கீழே போட்டேன். ஈவு இரக்கமே இல்லாமல் அக்கா அந்தக் குவியலையும் அள்ளிக் கூடைக்குள் போட்டாள்.

"என்னலே, அம்புட்டுத்தானா?" என்றாள்.

"அடுத்தது வரட்டும்க்கா," என்று சொல்லிவிட்டு, மணலில் காலை அகட்டி நின்றுகொண்டேன்.