பிரம்பு வளைவின் உயரம்

எழுத வந்ததற்கு முதலில் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் படிவத்தோடு படிப்பை நிறுத்தியவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள். புத்தகத்தில் வருகிற மாதிரி எழுதத் தெரியாது. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

கல்யாண மண்டபங்களில் மணவறைக்கு முன்னால் நிற்கும் பூ வளைவைச் செய்வதுதான் எங்கள் வேலை. எங்கள் என்றால் நானும், என்னோடு கூட்டாக வேலை செய்கிற அவரும். மெர்போக்கில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. அவர் தொழிற்சாலை வேலை முடிந்து அங்கே வந்து, ஊறவைத்த பிரம்பை வளைப்பார். கோத்தா கோலா மூடாவில் மீன்கூடு பின்னுகிறவர்களிடம் கட்டுப் போடப் பழகியவர். ஆணி அடிக்கவே மாட்டார். வெட்டிச் சாய்த்த ரப்பர் மரத்தின் கிளை, காய்ந்த செம்பனை மட்டை, தென்னம்பாளை எல்லாம் அவர் கைக்குப் போனால், கடற்கரையில் காற்றுக்குச் சாய்ந்து வளர்ந்த மரம் மாதிரி ஆகிவிடும். பிறகு நான் இடுக்குகளில் தண்ணீர் ஊற்றிய மூங்கில் குழல்களைச் செருகிப் பூ வைப்பேன். எந்த இடத்தை வெறுமையாக விடுவது என்பதுதான் அதில் கஷ்டம். பிரம்பு தெரியாமல் அடைத்துவிட்டால், "என்னம்மா, பூக்கடை போட்டுட்டியா?" என்பார்.

வளைவைக் கட்டும்போது பெண் நிற்கப்போகும் இடத்தில் நான் நிற்க வேண்டும். என் தலைக்கு மேல் ஒரு சாண் விட்டு அவர் பிரம்பை இறக்கிக் கட்டுவார். "ஆடாம நில்லு லா. மத்த நேரம் கல்லு மாதிரிதானே இருப்பே." எத்தனையோ பெண்களுக்காக அப்படி நின்றிருக்கிறேன். அந்த நேரம் எனக்குப் பிடிக்கும். அதற்கு மேல் எதையும் ஆசைப்படவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். முதன்முதலாக வந்த அன்று 'அண்ணே' என்று கூப்பிட்டேன். இங்கே கடைக்காரரையும் பஸ் ஓட்டுகிறவரையும் அப்படித்தான் கூப்பிடுகிறோம். பிறகு மாற்ற வாய் வரவில்லை. என்னவென்று மாற்றுவது?

போன வருடம் அவருடைய அக்கா அவருக்குப் பண்டார் பாருவில் பெண் பார்த்தார். பேசி முடித்த பிறகு அவர் கொட்டகைக்கு வந்தார். "நம்ம வளைவுதாம்மா வேணும். வேற யாருகிட்ட போயி குடுக்கறது?"

"சரிண்ணே," என்றேன்.

வழக்கம்போல நின்றேன். ஒரு பக்கம் கட்டி முடித்தவர் எட்ட நின்று பார்த்தார்.

"பத்தாது. இன்னும் நாலு விரல் ஏத்தணும். அவங்க உன்னைவிட ஒசரம்."

முடிச்சை அவிழ்த்துப் பிரம்பை மேலே தூக்கினார். நான் நகரவில்லை.

"ஏம்மா, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு? ஏதாச்சும் சொல்லணுமா?"

கொட்டகையில் வேறு யாரும் இல்லை. அவர் பிரம்பைப் பிடித்தபடி காத்திருந்தார். அவசரப்படுத்தவில்லை.

"இடது பக்கம் சாயுதுண்ணே."

"எங்க? நேராத்தானே லா இருக்கு," என்று சிரித்தார்.

கல்யாணத்தன்று காலை மண்டபத்தில் முக்காலிமேல் ஏறி வெள்ளை ஆர்கிட் செருகிக்கொண்டிருந்தேன். அவருடைய அக்கா எனக்குக் காப்பி கொண்டுவந்தார். வளைவை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உன் மனசுல இருந்துச்சா?"

நான் குழலுக்குள் பூவை இன்னும் கீழே அழுத்தினேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஏன் பண்டார் பாரு வரைக்கும் போறேன்? நீ அண்ணே, அண்ணேன்னே இருந்தே. நாங்க என்னத்தக் கண்டோம்?" அவர் குரல் உடைந்திருந்தது. கோபமும் இருந்தது.

"அந்தப் பூக்கூடையைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்கக்கா," என்றேன். எடுத்துக் கொடுத்தார்.

மாலை மாற்ற இருவரும் வளைவின் கீழ் வந்து நின்றார்கள். உயரம் சரியாக இருந்தது. எல்லோரும் படம் எடுத்தார்கள். அவர் ஒருமுறை கூட்டத்தில் யாரையோ தேடினார். நான் சமையல்கட்டுப் பக்கம் போய், வாளிகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்தேன்.

மறுநாள் வாடகை லாரி வந்தது. மண்டபத்தில் வளைவைப் பிரித்து, பிரம்பைத் தனியாகக் கட்டி ஏற்றினேன். பூவைக் குப்பையில் போட்டேன். மதியத்துக்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.