எண்ணெய் தேய்த்துக் குளித்த ஐந்நூறு சி.சி.

போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வாக்கில் நான் ஒரு எஞ்சினைக் கொலை செய்தேன். கொலைக்கருவி... குற்றாலத்து மசாஜ் எண்ணெய், ஒரு பாட்டில்.

சிரிக்காதீர்கள். செத்தது ஏதோ ஓட்டை மொபெட் இல்லை. ஐந்நூறு சி.சி. டூ-ஸ்ட்ரோக் மோட்டோகிராஸ் வண்டி. ஹெட்லைட் கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, நம்பர் பிளேட் கிடையாது. மண்ணிலும் சேற்றிலும் தாவிப் பறப்பதற்கென்றே வெளிநாட்டில் செய்த சாமான். இந்த சைஸில் டூ-ஸ்ட்ரோக் செய்வதைப் பெரிய கம்பெனிகள் கைகழுவிப் பல வருஷம் ஆகிவிட்டது.

வண்டிக்காரன் சுடலைமுத்து. மேலகரத்தில் எனக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறான். ஒரே பெஞ்சில் படித்தவர்கள் நாங்கள். மிலிட்டரியில் இருந்தபோது மோட்டார் சைக்கிள் ரேஸ் ஓட்டியவன். ரிட்டயர் ஆனவர்கள் எல்லாம் வீடு கட்டினார்கள், மாடு வாங்கினார்கள். இவன் கோட்டயம் பக்கம் ஒரு எஸ்டேட் ஷெட்டில் கிடந்த இந்த ராட்சசனை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான்.

ராட்சசன் என்று சும்மா சொல்லவில்லை. ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் திருகினால் ஒன்றும் நடக்காது. இன்னும் கொஞ்சம் திருகினால் எல்லாமே ஒரே நேரத்தில் நடக்கும்! ஸ்டார்ட் செய்ய பட்டன் கிடையாது. உதைக்க வேண்டும். உதை சரியாக விழவில்லையென்றால் அது திருப்பி உதைக்கும். சுடலையின் வலது முட்டி போனது அப்படித்தான்.

இத்தனை பலசாலி ஏன் ஒழிந்தது? புகை என்றார்கள். ரேஸ் விதியை மாற்றி ஃபோர்-ஸ்ட்ரோக்குக்குத் தாராளமாக இடம் கொடுத்தார்கள் என்றார்கள். நான் ஒருமுறை சுடலையிடம் கேட்டேன்.

“அதெல்லாம் கெடக்கட்டும்லே. ஓட்ட ஆளில்ல. ஃபோர்-ஸ்ட்ரோக்கு சொன்ன பேச்சு கேக்கும். இது கேக்காது. காலைல எந்திரிச்சி ஒரு வண்டியப் பாத்துப் பயப்பட எவனுக்குலே நேரம் இருக்கு?”

அவன் வீட்டில் ஒருவருக்கு அந்தப் பயம் தினமும் இருந்தது. அவன் மனைவி ராஜேஸ்வரி. நர்ஸ் வேலை. முட்டி என்றால் என்ன, அது போனால் என்ன ஆகும் என்று நம்மைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். இந்தக் குற்றால சீசன் தொடங்கும்போது ஒரு தீர்ப்பு சொல்லிவிட்டார்.

வீரகேரளம்புதூர் பக்கம் ஒரு செம்மண் பொட்டலில் உள்ளூர் ஆட்கள் ரேஸ் வைத்திருந்தார்கள். ஆறு சுற்று. சுடலை ஆறையும் வண்டியில் உட்கார்ந்தபடியே முடித்தால் வண்டி வீட்டில் இருக்கலாம். பாதியில் நின்றால், ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் புனலூர்க்காரருக்கு அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். சுடலை தலையாட்டினான். வேறு வழி?

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது.

“ஏலே, ஆயில் டப்பா காலி. எனக்கு செயின் வேலை கெடக்கு. எங்கனயாவது டூ-டி ஆயில் வாங்கிட்டு வா.”

டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். கலக்காவிட்டால் உள்ளே பிஸ்டன் சூடேறி அப்படியே இறுகிவிடும். ஒரு காலத்தில் பெட்ரோல் பங்க் என்றால் அந்த எண்ணெய் பம்பும் பக்கத்திலேயே நிற்கும், ஞாபகம் இருக்கிறதா? தென்காசியில் மூன்று பங்க் ஏறி இறங்கினேன். மூன்றாவது பங்க்கில் பெட்ரோல் போடும் அம்மா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“அது எதுக்கு அண்ணாச்சி? மிஷின் வச்சி மரம் அறுக்கியளா?”

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அப்போதுதான் ஒரு அரைகுறை ஞாபகம். பழைய ரேஸ்காரர்கள் விளக்கெண்ணெய் கலந்துதான் ஓட்டுவார்கள் என்று சுடலையே ஒருமுறை சொல்லியிருந்தான். விளக்கெண்ணெய்தானே! சாரல் வேறு அடித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை, சாரல், கையில் துண்டு... என் வண்டி தானாகக் குற்றாலத்துக்குத் திரும்பிவிட்டது.

மெயின் அருவிக்குப் போகிற வழியில் எண்ணெய் தேய்த்துவிடும் ஒரு அண்ணாச்சியிடம் முதுகைக் கொடுத்துவிட்டு, விளக்கெண்ணெய் ஒரு பாட்டில் கிடைக்குமா என்று கேட்டேன்.

“தனியா என்னத்துக்கு? இதுல விளக்கெண்ணெ, நல்லெண்ணெ, மூலிகை எல்லாம் கலந்திருக்கு. மூட்டு வலிக்கு அவ்ளோ நல்லது. யாருக்கு?”

“ஒரு ஐந்நூறு சி.சி.க்கு” என்றேன். அவர் அதை ஏதோ வியாதி என்று நினைத்துக்கொண்டார்.

நானும் நினைத்துக்கொண்டேன்... ஒன்றுக்கு மூன்றாகப் போனால் நல்லதுதானே? எங்கள் ஊர்க்காரனுக்கு எண்ணெய் என்றால் எண்ணெய்தான். எல்லா நோய்க்கும் அதைத் தேய்த்து அருவியில் நிறுத்துகிறவர்கள் நாங்கள். எஞ்சினை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை காலை பொட்டலில் வைத்துப் பாட்டிலைக் கொடுத்தேன். “ஒரிஜினல் விளக்கெண்ணெய்” என்று கொஞ்சம் கூட்டியே சொன்னேன். சுடலை மூடியைத் திறந்தான். மோந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். அந்தப் பக்கம் குடையோடு நின்ற ராஜேஸ்வரியைப் பார்த்தான். பிறகு பெட்ரோலில் ஊற்றிக் கலக்கினான்.

கொடி விழுந்தது. மற்ற பதினொரு பேரும் ஃபோர்-ஸ்ட்ரோக். எல்லாரும் சுடலையின் பிள்ளைகள் வயசு. முதல் வளைவிலேயே அத்தனை பேரையும் தாண்டிப் போனான் பாருங்கள்... ஐம்பது தாண்டியவன், முட்டியில் பெல்ட் கட்டியவன்! நான் எழுத்தாளன் என்ற மரியாதையை மறந்து விசில் அடித்தேன்.

இரண்டாவது சுற்றில் புகை கெட்டியானது. மூன்றாவது சுற்றில் வாசனை வந்தது. பொட்டல் முழுக்க ஐப்பசி தீபாவளிக் காலை மாதிரி எண்ணெய்க் குளியல் மணம். பின்னால் வந்த பையன்கள் ஹெல்மெட்டுக்குள் தும்மினார்கள். மைக்கில் பேசிக்கொண்டிருந்தவர், “பார்வையாளர்கள் யாராவது மூலிகை எரிக்கிறீர்களா? தயவுசெய்து அணைக்கவும்” என்று அறிவித்தார்.

நாலாவது சுற்று. மேடேறும்போது ‘கிறீச்’ என்று ஒரு சத்தம். பின் சக்கரம் இறுகி நின்றது. அவ்வளவுதான்.

ஓடினேன். சுடலை வண்டியை விட்டு இறங்கி, இரண்டு காலிலும் நன்றாகத்தான் நின்றான். புனலூர்க்காரரும் வந்தார். வண்டியைப் பார்ப்பதற்கென்றே ஆரியங்காவு தாண்டி வந்த மனுஷன். கிக்கரை அழுத்திப் பார்த்தார். அசையவில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி டார்ச் அடித்து உள்ளே பார்த்தார்.

“பிஸ்டன் போயி. இதின்றெ பார்ட்ஸ் இனி எவிடெ கிட்டும்? எனிக்கு வேண்டா சேட்டா.”

போய்விட்டார். செத்த குதிரைக்கு யார் வருவார்கள்? வண்டி மறுபடி மேலகரத்துக்கே, லோடு ஆட்டோவில், மாலை மரியாதை இல்லாத மாப்பிள்ளை போல வந்து சேர்ந்தது. இப்போது ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. நண்பனின் உயிர் மாதிரி இருந்த ஒன்றைக் கொன்றுவிட்டேனே! மூன்றாம் நாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். சுடலை பனியனோடு உட்கார்ந்து, வண்டியின் டேங்க்கைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தான். முகத்தில் துக்கம் இருக்கிறதா என்று தேடினேன். இல்லவே இல்லை.

எனக்குப் பொறி தட்டியது. இருபத்தைந்து வருஷம் எண்ணெய் கலந்தவன். மூடியைத் திறந்து மோந்தவன். அருவிக்கரை எண்ணெய் எது, ரேஸ் ஆயில் எது என்று தெரியாதா? அந்த முட்டியோடு ஆறு சுற்று வராது என்றும் தெரிந்திருக்கும். ஓடுகிற வண்டி என்றால் புனலூர் போயிருக்கும். ஓடாத வண்டியை எவன் வாங்குவான்? ஒன்றை இழக்கவே கூடாது என்றால், அதை யாருக்கும் வேண்டாததாக ஆக்கிவிட வேண்டும்... நாம் ஒவ்வொருவரும் வீட்டில் ஏதோ ஒன்றை அப்படித்தானே வைத்திருக்கிறோம்?

“ஏலே, நெஜத்தச் சொல்லு. உனக்கு வாசனை தெரியலயா?”

“அன்னைக்கு சளிலே. சாரல்ல மூக்கு அடச்சிக்கிட்டு.”

துடைப்பதை நிறுத்தவில்லை. என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

வாசல் வரை வழியனுப்ப வந்த ராஜேஸ்வரி, செருப்பு மாட்டிக்கொண்டிருந்த என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

“சளியாம்லா அண்ணாச்சி! அன்னைக்குக் காலைல நான் அடுப்படியில மசாலா வறுக்கேன், இவுக மாடியில இருந்து ‘கருகுது, கருகுது’ன்னு சத்தம் போட்டாக. போட்டும்... ஓடாத வண்டி முட்டிய ஒண்ணும் செய்யாதுல்லா? அவுகளுக்குச் சளியாவே இருந்துட்டுப் போட்டும்.”