செல்லோக்காரியின் சுண்டுவிரல்

அவள் கைக்குச் செல்லோ வந்தது அவள் ஆசைப்பட்டு அல்ல. இசைப்பள்ளியில் வயலின் வகுப்பு நிரம்பிவிட்டது. மிச்சமிருந்தது, அவளைவிட உயரமான பெட்டிக்குள் கிடந்த, வயலினுக்கு அண்ணன் மாதிரி வில்லால் வாசிக்கிற அந்தப் பெரிய வாத்தியம்தான். "கை நீளமா இருக்கு, இதுக்கு சரியா வரும்" என்றார்கள். அம்மா தலையாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து வீடே அதற்கு வழிவிட்டு நடந்தது. அக்காவின் படுக்கை கூடத்துக்குப் போனது. பஸ்ஸில் அப்பா நின்றுகொண்டு வருவார். செல்லோ சீட்டில் உட்கார்ந்து வரும். "வீட்டுக்கு மூத்த பிள்ளை யாருன்னே தெரியல" என்று அக்கா கிண்டலடிப்பாள். இவள் சிரிக்காமல் வில்லுக்குப் பிசின் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

கல்லூரி முடித்ததும் நகர இசைக்குழுவில் ஓர் இடம் காலியானது. தேர்வில் திரைக்குப் பின்னாலிருந்து வாசிக்க வேண்டும். ஆணா பெண்ணா என்று செருப்புச் சத்தத்தில்கூடத் தெரியக்கூடாதாம். வெறுங்காலோடு போய் வாசித்தாள். கிடைத்துவிட்டது. போனில் அம்மா அழுதே விட்டாள். "சரிம்மா, பஸ் வந்துடுச்சு" என்று இவள் வைத்துவிட்டாள்.

கடைசி வரிசையில் இடம். பக்கத்து நாற்காலிக்காரருக்கும் சேர்த்து இசைக்குறிப்புத் தாளைத் திருப்புவது அவள் வேலை. அடுத்த வருஷமே இடக்கைச் சுண்டுவிரல் மரத்துப்போக ஆரம்பித்தது. கம்பியை அழுத்தினால் வேறு யாருடைய விரலோ போலிருந்தது. யாரிடமும் மூச்சு விடாமல் மற்ற மூன்று விரல்களை வைத்தே ஒப்பேற்றினாள்.

"என்னம்மா, புதுசு புதுசா விரல் போடறே?" என்றார் நாற்காலிக்காரர்.

"சும்மா பழகிப் பாக்கறேன் சார்."

ஒரு கச்சேரியில், எல்லாரும் சத்தம் அடக்கி வாசித்த இடத்தில், அவள் செல்லோ மட்டும் அபஸ்வரமாக முனகியது. மேடையில் குழுவை நடத்துபவர் முறைத்தார். வெட்கம்கூட வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. மறுநாள் அக்கா வீட்டுக்குப் போனாள்.

அக்கா அந்த விரலில் நகத்தால் கிள்ளினாள். "வலிக்குதா?"

"இல்லக்கா."

"இத்தனை நாளா ஏன்டி சொல்லல?"

"சொல்லணும்னு தோணல. எதுவுமே தோணல."

"வாசிக்கவாவது பிடிச்சிருக்கா?"

"தெரியல" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது முழங்கையில் நரம்பு அழுந்தியிருந்தது. அறுவை சிகிச்சை செய்தார்கள். அக்கா வீட்டில் ஓய்வு. பகலெல்லாம் தூங்கினாள், விழித்திருந்த நேரத்தில் சலவை இயந்திரம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செல்லோ நினைவுக்கே வரவில்லை. மெல்ல மெல்ல விரலில் ஊசி குத்துவதுபோல் உணர்ச்சி திரும்பியது.

ஒருநாள் செல்லோப் பெட்டியைத் திறந்து ஒரு கம்பியில் மட்டும் வில்லை இழுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முழுநேர வேலைக்கு இனி வரவில்லை, ஆள் குறையும்போது கூப்பிட்டால் வருகிறேன் என்று இசைக்குழுவில் சொல்லிவிட்டாள்.

வேலையை விட்ட கோபத்தில் அம்மா பல நாள் அவள் போனை எடுக்கவில்லை. அதை அக்காவிடம் சொல்லும்போது குரல் கம்மியது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.